பருப்பின் விலை தெரிகிறது. விற்ற அளவு தெரியவில்லை

மொத்த, சில்லறை வியாபாரத்தை மாதாமாதம் அளப்பதில் உள்ள சிக்கல்

மாதம் தவறாமல் மத்திய அரசின் புள்ளிவிவர ஊழியர்கள் நாடெங்கும் கடைகளுக்குப் போகிறார்கள். துவரம்பருப்பு கிலோ என்ன விலை, தேங்காய் எண்ணெய் லிட்டர் என்ன விலை, குளியல் சோப்பு என்ன விலை என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணுக்காக 1,114 நகரச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் இப்படி விலை திரட்டப்பட்டது. ஒரு மாதத்தின் விலைவாசி ஏறியதா, இறங்கியதா என்பது அடுத்த மாதத்தின் நடுவிலேயே நாட்டுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆனால் அதே கடைக்காரரிடம், "போன மாதம் எத்தனை கிலோ பருப்பு விற்றது? அதற்கு முந்தைய மாதத்தைவிடக் கூடுதலா, குறைவா? கடையில் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள்?" என்று விலை கேட்க வந்த ஊழியர் கேட்பதில்லை. அது அவருடைய வேலையும் அல்ல. விலைக்கு மாதக் கணக்கு உண்டு. வியாபாரத்தின் அளவுக்கு அப்படி ஒரு கணக்கு நீண்ட காலமாக இல்லாமலே இருந்து வந்திருக்கிறது.

இது டில்லியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளின் கவலை மட்டும் என்று தள்ளிவிட முடியாது. தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், வாஷி மண்டியில் கணக்கு எழுதும் குமாஸ்தா, மங்கல்தாஸ் மார்க்கெட்டில் துணி விரித்துக் காட்டும் சிப்பந்தி, தாதரில் பூ விற்கும் பெண்மணி ஆகிய எல்லோருடைய பிழைப்பும் இந்த ஒரு துறையில்தான் அடங்கியிருக்கிறது. அந்தத் துறை படுத்துவிட்டதா, எழுந்து நிற்கிறதா என்பது உரிய காலத்தில் தெரியாவிட்டால், உரிய காலத்தில் உதவியும் வராது.

தொழிற்சாலைக்கு உண்டு

தொழில் உற்பத்திக்கு மாதாந்தரக் குறியீட்டெண் பல பத்தாண்டுகளாக உண்டு. 2011-12 அடிப்படையிலான தொடரில் ஆலை உற்பத்திக்கு 77.63 சதவிகிதம், சுரங்கத்துக்கு 14.37 சதவிகிதம், மின்சாரத்துக்கு 7.99 சதவிகிதம் என்று எடை பிரித்துக் கொடுக்கப்பட்டது. எஃகு எத்தனை டன், சிமெண்ட் எத்தனை டன், நூல் எத்தனை கிலோ என்று எண்ணி விடலாம். வியாபாரத்துக்கு அந்தக் குறியீட்டெண்ணில் இடமில்லை.

வியாபாரத்தின் கணக்கு, மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கில்தான் வருகிறது. 1999-ம் ஆண்டிலிருந்து அது காலாண்டுக்கு ஒரு முறை வெளிவருகிறது. 2011-12 தொடரில் அந்த அறிக்கையில்கூட வியாபாரத்துக்குத் தனி வரி இல்லை. வியாபாரம், ஓட்டல், போக்குவரத்து, தகவல் தொடர்பு, ஒலி-ஒளிபரப்பு எல்லாம் ஒரே வரியில் சேர்த்துக் கட்டப்பட்டன. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கணக்கு ஆகஸ்டு கடைசியில் வரும். ஏப்ரலில் ஒரு கடை படுத்துப்போனால், அந்தச் செய்தி ஒரு பெரிய வரிக்குள் கரைந்து, நாலு மாதம் கழித்து வந்து சேரும்.

வேறு சில நாடுகளில் நிலைமை இப்படி இல்லை. அமெரிக்காவில் கடைகளின் மாத விற்பனை, அடுத்த மாதம் நடுவிலேயே முதல் மதிப்பீடாக வெளிவந்துவிடுகிறது. கனடாவில் மொத்த வியாபாரம், சில்லறை வியாபாரம் இரண்டுக்கும் தனித்தனி வரி போட்டு, நாட்டின் உற்பத்தியையே மாதந்தோறும் கணக்கிடுகிறார்கள். பிரிட்டனில் 2018-ம் ஆண்டிலிருந்து மாதாந்தர உற்பத்திக் கணக்கு வெளியிடப்படுகிறது. அங்கெல்லாம் வியாபாரத்தின் பெரும்பகுதி கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் கம்பெனிகளின் கையில் இருப்பது இதற்கு வசதியாகிறது. இந்தியாவில் வியாபாரம் கோடிக்கணக்கான சிறு கடைகளில் சிதறிக் கிடக்கிறது. சிக்கலின் வேர் இதுதான்.

வியாபாரத்தின் உற்பத்தி எது?

கடை எதையும் செய்வதில்லையே, வாங்கி விற்கிறதே, அதற்கு 'உற்பத்தி' ஏது என்று கேட்கத் தோன்றும். பொருளாதாரக் கணக்கில், சரக்கை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவுக்குப் பிரித்துக் கொடுப்பதே கடையின் உற்பத்தி. ஆகவே விற்பனைத் தொகை முழுவதும் அந்த உற்பத்தி ஆகாது. விற்ற விலைக்கும், விற்ற சரக்கின் கொள்முதல் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கில் சேரும்.

ஓர் உதாரணத்துக்கு ஒரு சிறு பலசரக்குக் கடையை எடுத்துக்கொள்ளலாம். மாத விற்பனை ரூ.3,00,000. விற்ற சரக்கின் கொள்முதல் ரூ.2,64,000. வித்தியாசம் ரூ.36,000. இதில் கடை வாடகை, மின்சாரம், பை, வண்டிக்கூலி எல்லாம் ரூ.12,000 போனால் மிச்சம் ரூ.24,000. நாட்டின் கணக்கில் அந்தக் கடை சேர்த்த மதிப்பு இந்த 24,000 ரூபாய்தான். இதிலிருந்துதான் கடைப்பையனுக்குச் சம்பளம் ரூ.10,000 போகிறது. மீதி ரூ.14,000 முதலாளியின் குடும்பத்துக்கு.

அடுத்த மாதம் விற்பனை ரூ.3,15,000 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சதவிகிதம் ஏறிவிட்டது, வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று தோன்றும். ஆனால் அதே மாதத்தில் அந்தக் கடைச் சாமான்களின் விலை சராசரியாக ஏழு சதவிகிதம் ஏறியிருந்தால்? பழைய விலைக்கு மாற்றிப் பார்த்தால் விற்பனை ரூ.2,94,400 அளவுதான். அதாவது, படியளந்து கொடுத்த சரக்கு இரண்டு சதவிகிதம் குறைந்திருக்கிறது. ரூபாய் கூடியது, கிலோ குறைந்தது.

கதை அதோடு முடியவில்லை. மொத்த வியாபாரி ஏற்றிய விலை முழுவதையும் கடைக்காரரால் வாடிக்கைக்காரர்மீது ஏற்ற முடியாது. எதிர் வரிசையில் இன்னொரு கடை இருக்கிறது. கொள்முதல் ரூ.2,81,000 ஆகிவிட்டால் வித்தியாசம் ரூ.34,000 ஆகச் சுருங்கும். செலவு ரூ.12,000 போனால் ரூ.22,000 நிற்கும். விற்பனை ஐந்து சதவிகிதம் ஏறிய மாதத்தில் கடையின் வருமானம் எட்டு சதவிகிதத்துக்கு மேல் இறங்கியிருக்கிறது. அந்த 2,000 ரூபாய் யாருடைய பங்கில் குறையும் என்பது கடைப்பையனுக்குத் தெரியும்.

ஆக, மாதக் கணக்கு என்றால் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எவ்வளவு ரூபாய்க்கு விற்றது? அதில் விலை ஏற்றம் எவ்வளவு? வித்தியாசம் எவ்வளவு? மாதந்தோறும் கணக்கிடும் நாடுகளில் முதல் கேள்விக்கு மாதாமாதம் கடைகளிடம் விடை கேட்கிறார்கள். இரண்டாவதற்கு விலைக் குறியீட்டெண்ணை வைத்துக்கொள்கிறார்கள். மூன்றாவதை மாதந்தோறும் கேட்க முடியாது என்பதால், ஆண்டுக் கணக்கெடுப்பில் கிடைத்த விகிதம் மாறவில்லை என்று வைத்துக்கொள்கிறார்கள். இந்த மூன்றாவதில் எந்த நாட்டின் கணக்கிலும் கொஞ்சம் உத்தேசம் உண்டு.

மண்டியின் கணக்கு வேறு

மொத்த வியாபாரத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஒரு மூட்டை அரிசி ஆலையிலிருந்து மொத்த வியாபாரிக்கும், அவரிடமிருந்து வட்டார வியாபாரிக்கும், அவரிடமிருந்து தெருக்கோடிக் கடைக்கும் கைமாறுகிறது. மூன்று பேருடைய விற்பனையையும் கூட்டினால் ஒரு மூட்டை மூன்று மூட்டை ஆகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு கையிலும் தங்கும் வித்தியாசத்தை மட்டும் கூட்ட வேண்டியிருக்கிறது.

வாஷியில் வெங்காயம்-உருளைக்கிழங்கு, பழம், காய்கறி, மசாலா, தானியம் என்று ஐந்து மார்க்கெட்டுகள் இருக்கின்றன. அங்கே கமிஷன் மண்டி நடத்துகிறவர் சரக்கைச் சொந்தத்துக்கு வாங்குவதில்லை. விவசாயியின் சரக்கை விற்றுக் கொடுத்து, கமிஷன் எடுத்துக்கொள்கிறார். அவர் கைவழியே ஒரு கோடி ரூபாய்ச் சரக்கு போனாலும் கமிஷன் தொகைதான் அவருடைய கணக்கு.

வெங்காயத்தைக் கிலோ 20 ரூபாய்க்கு வாங்கிக் கிடங்கில் போட்டவர், விலை 40 ஆனதும் விற்றால் நல்ல லாபம்தான். ஆனால் சரக்கு கிடங்கில் கிடக்கும்போது விலை ஏறியதால் வந்த லாபம் உற்பத்தி ஆகாது என்பது தேசியக் கணக்கின் விதி. இதைப் பிரித்தெடுக்க ஆரம்பக் கையிருப்பு, முடிவுக் கையிருப்பு இரண்டும் தெரிய வேண்டும். மாதக் கடைசியில் கையிருப்பு எண்ணும் மண்டிகள் எத்தனை என்பதை மண்டிக் குமாஸ்தாக்களே அறிவார்கள்.

பண்டிகை எந்த மாதம்?

மாதத்தை மாதத்தோடு ஒப்பிடும்போது பண்டிகை குறுக்கே நிற்கிறது. தீபாவளி 2023-ல் நவம்பர் 12-ந் தேதி வந்தது. 2024-ல் அக்டோபர் 31-ந் தேதி. 2025-ல் அக்டோபர் 20-ந் தேதி. அப்படியானால் 2024 நவம்பர் விற்பனையை 2023 நவம்பரோடு ஒப்பிட்டால், வியாபாரம் சரிந்துவிட்டதுபோலத் தோன்றும். உண்மையில் சரிந்தது வியாபாரம் அல்ல, நகர்ந்தது தீபாவளி. மும்பைக்குப் பிள்ளையார் சதுர்த்தி இன்னும் பெரிய கணக்கு. அது 2024-ல் செப்டம்பர் 7-ந் தேதியும் 2025-ல் ஆகஸ்டு 27-ந் தேதியும் வந்தது. தாதர் பூ மார்க்கெட்டுக்கு அந்த ஆண்டுகளில் ஆகஸ்டும் செப்டம்பரும் இடம் மாறிக்கொண்டன.

இதைச் சரிக்கட்டக் கணித முறைகள் உண்டு. ஆனால் அந்த முறைகளுக்குப் பல ஆண்டுகளின் மாதக் கணக்கு கையில் இருக்க வேண்டும். தொடங்கினால்தானே சேரும்?

வரி வசூல் சொல்வதும் சொல்லாததும்

மாதந்தோறும் முதல் தேதி சரக்கு-சேவை வரி வசூல் அறிவிக்கப்படுகிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கலாம். 2017 ஜூலை 1-ந் தேதி வந்த இந்த வரி, வியாபாரத்தைப் பற்றி முன்பு கிடைக்காத பல தகவல்களைத் தருகிறது என்பதில் ஐயமில்லை. 2025 ஏப்ரலில் வசூல் ரூ.2.37 லட்சம் கோடியை எட்டியது. ஆனாலும் இந்த அளவுகோலில் நாலு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, சிறு கடை இதில் இல்லை. மராட்டியம் உள்படப் பெரும்பாலான மாநிலங்களில், சரக்கு மட்டும் விற்பவர்களில் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று 2019 ஏப்ரலில் விலக்குத் தரப்பட்டது. மேலே உதாரணத்தில் கண்ட கடைக்கு ஆண்டு விற்பனை 36 லட்சம். வரி இலாகாவின் கண்ணுக்கு அந்தக் கடை இல்லவே இல்லை.

இரண்டாவது, பதிவு செய்த சிறு வியாபாரியின் கணக்கும் மாதக் கணக்கு அல்ல. ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்பனை உள்ளவர்கள் தொகுப்பு வரித் திட்டத்தில் சேர்ந்து, காலாண்டுக்கு ஒரு முறை வரி கட்டலாம். ஐந்து கோடி வரை உள்ளவர்கள், 2021 முதல், வரியை மாதந்தோறும் கட்டினாலும் விவரக் கணக்கைக் காலாண்டுக்கு ஒரு முறை கொடுக்கலாம். சிறு வியாபாரிக்கு இது நல்ல சலுகை. மாதக் கணக்கு போடுகிறவருக்கு இது ஓர் இடைவெளி.

மூன்றாவது, வரி இல்லாத பண்டங்கள். காய்கறி, பூ, பால், மீன், சில்லறையாக அளந்து கொடுக்கும் அரிசி இவற்றுக்கு இந்த வரி கிடையாது. ஏழை வீட்டுக் கூடையில் இவற்றுக்குப் பெரிய இடம் உண்டு. அந்த வியாபாரம் பெருகினாலும் அருகினாலும் வரி வசூலில் அசைவு தெரியாது.

நாலாவது, அளவுகோலே மாறுகிறது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலை எண்ணெய் ஆகியவற்றின் வரி 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாக இறங்கியது. நூறு ரூபாய் சரக்குக்கு 18 ரூபாய் வசூலான இடத்தில் 5 ரூபாய் வசூலாகும். சோப்பு விற்பனை இரு மடங்கானாலும் சோப்பு வரி வசூல் குறையும். வரி குறைந்ததைப் பார்த்து வியாபாரம் குறைந்தது என்று சொன்னால், முழக்கோலை மாற்றிவிட்டுத் துணி சுருங்கிவிட்டது என்று சொன்ன கதையாகும்.

கைப்பேசி மூலம் பணம் கட்டும் யு.பி.ஐ. கணக்கும் இப்படித்தான். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி தடவைக்கு மேல் பணம் கைமாறியது. அதில் கடையில் கட்டிய பணமும் உண்டு, ஊரில் இருக்கும் தாய்க்கு அனுப்பிய பணமும் உண்டு. நேற்று ரொக்கம் கொடுத்தவர் இன்று கைப்பேசியில் கொடுத்தால் யு.பி.ஐ. கணக்கு ஏறும், வியாபாரம் ஏறியிருக்காது. சேவைத்துறைக்கென்று தனியார் நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் கொள்முதல் மேலாளர் குறியீட்டெண்ணோ சில்லறை வியாபாரத்தைச் சேர்ப்பதே இல்லை.

பெரிய கடையின் நாடி, சிறிய கடையின் கணக்கு

அப்படியானால் இத்தனை நாளும் சிறு கடைகளின் உற்பத்தியை எப்படி மதிப்பிட்டார்கள்? சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும் மாதிரிக் கணக்கெடுப்பில், எத்தனை பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், ஒருவர் சேர்க்கும் மதிப்பு எவ்வளவு என்று கண்டுகொள்வார்கள். இரண்டையும் பெருக்கி ஓர் அடித்தளம் போடுவார்கள். அடுத்த கணக்கெடுப்பு வரும்வரை விற்பனை வரி வசூல் போன்ற ஏதாவதொரு குறியின் போக்கை வைத்து அந்தத் தொகையை ஏற்றிக்கொண்டு போவார்கள். 2011-12 தொடருக்கு அடித்தளம் 2010-11 கணக்கெடுப்பு.

காலம் சீராக ஓடும்போது இந்த முறையில் பெரிய பிழை வராது. பெரிய கடையும் சிறிய கடையும் ஒரே திசையில் போகும். ஆனால் அடி விழும்போது இரண்டும் வேறு வேறு திசையில் போகும். சிறிய கடை மூடினால் அதன் வாடிக்கைக்காரர் பெரிய கடைக்குப் போவார். பெரிய கடையின் விற்பனை ஏறும், வரி ஏறும். அந்த ஏற்றத்தையே சிறிய கடைக்கும் பொருத்தினால், மூடிய கடையின் பேரிலும் வளர்ச்சி எழுதப்படும்.

2016 நவம்பர் 8-ந் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டன. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவிகிதம் அவை. ரொக்கத்தில் நடக்கும் கடைகளுக்கு அந்தக் குளிர்காலம் எப்படி இருந்தது என்பது தெரிந்த விஷயம். ஆனால் 2016-17-ம் ஆண்டு நாட்டின் வளர்ச்சி முதலில் 7.1 சதவிகிதம் என்று கணக்கிடப்பட்டு, 2019 ஜனவரியில் 8.2 சதவிகிதமாக உயர்த்தப்பட்டது. கம்பெனிகளின் கணக்கை வைத்துச் சிறு தொழில்களை மதிப்பிடும் முறை அந்த அதிர்ச்சிக்குப்பின் பொருந்தாது என்று முன்னாள் தலைமைப் புள்ளியியலாளர் பிரணாப் சென் போன்றோர் எடுத்துக்காட்டினார்கள். வளர்ச்சி மிகைப்படுத்தப்பட்டது என்று ஒரு சாரார் சொன்னார்கள். வீழ்ச்சி மிகைப்படுத்தப்பட்டது என்று மறு சாரார் சொன்னார்கள். சிறு கடைகளின் மாதக் கணக்கு ஒன்று இருந்திருந்தால் இரு சாராரும் அதன் முன் வாயடைத்து நின்றிருப்பார்கள்.

2020 மார்ச் 25-ந் தேதி ஊரடங்கு வந்தது. அந்த ஏப்ரல்-ஜூன் காலாண்டில் வியாபாரம், ஓட்டல், போக்குவரத்து வரி 47 சதவிகிதம் சரிந்ததாக ஆகஸ்டு 31-ந் தேதி அறிவித்தார்கள். நாட்டின் மொத்த உற்பத்தி 23.9 சதவிகிதம் சரிந்தது. ஊரடங்கால் விவரம் திரட்டுவதே பாதிக்கப்பட்டது, இந்த மதிப்பீடு மாறலாம் என்று புள்ளிவிவர அலுவலகமே அறிக்கையில் குறிப்பிட்டது. அந்த ஆண்டின் மொத்தச் சரிவு 7.3 சதவிகிதம் என்று சொல்லப்பட்டு, பிறகு 6.6 ஆகி, 2023-ல் 5.8 ஆயிற்று. ஏப்ரலில் கடைச் சிப்பந்திகள் மும்பையிலிருந்து ஊருக்கு வழி தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன கடைகளின் கணக்கு ஆகஸ்டு கடைசியில் வந்தது. அது திருந்தி முடிய மூன்று ஆண்டு ஆயிற்று.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சிறு நிறுவனங்களின் பழைய கணக்கெடுப்பு 2016 ஜூனில் முடிந்தது. முடிவுகள் வெளிவந்த அடுத்த கணக்கெடுப்பு 2021 ஏப்ரலில் தொடங்கியது. நோட்டுச் செல்லாமை, புதிய வரி, ஊரடங்கு ஆகிய மூன்று அடிகளும் இந்த இடைவெளிக்குள்ளேயே விழுந்தன. காய்ச்சல் வந்த ஐந்து ஆண்டும் வெப்பமானி அலமாரியில் இருந்தது.

எண்ணப்படாதவர் பட்டியலில் இல்லை

கணக்கில் இல்லாவிட்டால் என்ன நஷ்டம்? 2020 ஜூன் 1-ந் தேதி தெருவோர வியாபாரிகளுக்கு ரூ.10,000 கடன் கொடுக்கும் ஸ்வநிதி திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. கடன் பெற, நகராட்சி எடுத்த கணக்கெடுப்பில் பெயர் இருக்க வேண்டும். இல்லாதவர்கள் சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. எண்ணப்பட்டவருக்குப் பணம் நேரே வந்தது. எண்ணப்படாதவர் கடிதத்துக்கு அலைந்தார்.

2024-ல் இன்னொரு சம்பவம். பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் சாமான் கொண்டுவந்து தரும் கம்பெனிகள் வந்தபின், ஓராண்டில் சுமார் 2 லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டதாக வினியோகஸ்தர்களின் சம்மேளனம் ஒன்று கூறியது. அந்த எண் சரியா, தவறா என்று அந்த மாதமே சொல்லக்கூடிய அரசுக் கணக்கு எதுவும் இல்லை. புகார் புகாராகவே நின்றது.

2015-16-ல் நாட்டில் சிறு நிறுவனங்கள் 6.34 கோடி இருந்தன. அவற்றில் வியாபாரக் கடைகள் 2.30 கோடி. அவற்றில் பிழைத்தவர்கள் 3.87 கோடிப் பேர். 2023-24-ல் சிறு நிறுவனங்களின் மொத்த எண்ணிக்கை 7.34 கோடியாக ஏறியது. வியாபாரக் கடைகளோ ஏறத்தாழ 2¼ கோடி அளவிலேயே நின்றன. எட்டு ஆண்டுகளில் மற்றத் தொழில்களில் ஒரு கோடி கூடியது. கடைகளில் கூடவில்லை. இடையில் எத்தனை கடை மூடியது, எத்தனை புதிதாகத் திறந்தது, எந்த மாதத்தில் என்ற கதை அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் புதைந்து கிடக்கிறது.

வழி இல்லாமல் இல்லை

நிலைமை முன்னேறவில்லை என்று சொல்வது நியாயம் ஆகாது. சிறு நிறுவனங்களின் கணக்கெடுப்பு இப்போது ஆண்டுதோறும் நடக்கிறது. 2025-லிருந்து அதன் முடிவுகள் காலாண்டுக்கு ஒரு முறையும் வரத் தொடங்கின. வேலைவாய்ப்பு பற்றிய கணக்கெடுப்பு 2025 ஏப்ரல் மாதம் முதல் மாதாந்தர அறிக்கையாகிவிட்டது. தேசியக் கணக்கின் அடிப்படை ஆண்டை 2011-12-லிருந்து 2022-23-க்கு மாற்ற, 2024 ஜூனில் பிஸ்வநாத் கோல்தார் தலைமையில் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. பழைய அடித்தளத்தை வருஷக்கணக்கில் ஏற்றிக்கொண்டே போவதற்குப் பதிலாக, புதிய ஆண்டுக் கணக்கெடுப்பின் முடிவுகளையே பயன்படுத்துவது இந்த மாற்றத்தின் நோக்கங்களில் ஒன்று.

அடுத்த படி பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. விலை கேட்க மாதந்தோறும் ஊழியர் கடைக்குப் போகத்தான் போகிறார். நிரந்தரமாகச் சில ஆயிரம் சிறு கடைகளைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு முறை நாலே கேள்வி கேட்டால் போதும். போன மாதம் எத்தனை நாள் கடை திறந்திருந்தது? விற்பனை எவ்வளவு? கொள்முதல் எவ்வளவு? எத்தனை பேர் வேலை செய்தார்கள்? மூடிய கடையையும் மூடியது என்று எழுதிக்கொள்ள வேண்டும். அதுவும் ஒரு பதில்தான். பெரிய கடைகளுக்கு வரிக் கணக்கு இருக்கிறது. சிறிய கடைகளுக்கு இந்த நாலு கேள்வி. இரண்டையும் தனித்தனியே வெளியிட்டால், பெரியது ஏறிச் சிறியது இறங்கும் மாதத்தை ஊர் அறியும்.

இதில் கடைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. கணக்கெடுக்க வருபவரை வரி அதிகாரி என்று எண்ணி, விற்பனையைக் குறைத்துச் சொல்வதும், "முதலாளி இல்லை, அப்புறம் வாருங்கள்" என்று அனுப்பிவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. 2008-ம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம், இப்படித் திரட்டும் தனிப்பட்ட விவரங்களைப் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், ரகசியம் காக்க வேண்டும் என்கிறது. இதை அரசு கடைக்காரர்களுக்குப் புரியும் பாஷையில் எடுத்துச் சொல்ல வேண்டும். மும்பையில் அது மராட்டியிலும் இந்தியிலும் மட்டும் இருந்தால் போதாது, தமிழிலும் குஜராத்தியிலும் இருக்க வேண்டும்.

பருப்பு விலை ஏறினால் நாட்டுக்கு மறு மாதமே தெரிகிறது. பருப்பு வாங்க ஆள் வராமல் கடைப்பையன் வேலை இழந்தால் அது தெரிய எத்தனை மாதம் ஆகும் என்பதுதான் கேள்வி. விலை கேட்க வருகிறவர் இனி விற்ற அளவையும் கேட்கட்டும். கேட்கும்போது கல்லாவில் இருப்பவரும் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். கணக்கில் வந்த நஷ்டத்துக்குத்தான் நிவாரணம் கேட்க முடியும்.